இடம் மாறிய பாக்கு மரம்

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இனி அழுத்து முத்திரை கிடையாதாம். சான்று நகல்கள் எல்லாம் இப்போது கணினியிலிருந்தே வருகின்றன. மூலையில் புள்ளியும் கட்டமுமாக ஒரு குறியீடு இருக்கிறது. கைப்பேசியைக் காட்டினால் தாள் உண்மையா பொய்யா என்று அதுவே சொல்லிவிடும். சாப்பு என்று நாங்கள் சொல்லும் அந்த இரும்பு முத்திரையைப் பெட்டியில் போட்டுத் தலைநகருக்கு அனுப்பிவிட்டதாக ஷர்மிளா தொலைபேசியில் சொன்னாள். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். அலுவலக ஆண்டு மலருக்கு ஜாத்தா நெகாராவைப் பற்றி, அதாவது நம் மலேசிய நாட்டுச் சின்னத்தைப் பற்றி, நான் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று கேட்டாள். அந்தச் சின்னத்தோடு முப்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவள் நான்தான் என்று கிண்டல் வேறு.

எழுதுவதற்குச் சுலபமான விஷயம். ஒரு கேடயம், இரண்டு புலி, மேலே பிறையும் நட்சத்திரமும், கீழே ஒரு பட்டை. ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பிவிட்டேன். நன்றாக இருக்கிறது என்று பதிலும் வந்தது. அந்தப் பக்கத்தில் எழுதாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு அறுபத்தாறு வயதாகிறது. இதற்கு மேலும் இதை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

இருபது வயதில் கிராணியாக, குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தேன். பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் பழைய கட்டடம், உயரமான கூரை, எப்போதும் ஒரு காத்தாடி பழுது. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளிலிருந்து சான்று நகல் எடுத்துக் கொடுப்பது எங்கள் பிரிவின் வேலை. பிறப்புச் சான்றான சூராட் பெரானாக்கைக் கரையான் தின்றது, வெள்ளத்தில் போனது, தோட்டத் தொழிலாளர் லயத்தில் தீப்பிடித்து எரிந்தது என்று மக்கள் வந்து நிற்பார்கள். பழைய பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, விவரத்தைத் தட்டச்சு செய்து, சரிபார்த்து, முத்திரை குத்திக் கொடுப்போம். முதல் நான்கு வருடம் நான் புத்தகம் தூக்கினேன், தூசு தின்றேன், மலாயில் வேகமாகத் தட்டச்சு செய்யப் பழகினேன், கவுண்டரில் நன்றாகத் திட்டு வாங்கினேன். ஐந்தாவது வருடம் சாப்பு என் பொறுப்புக்கு வந்தது.

கொடுத்தவர் எங்கள் தலைமைக் கிராணி சவரிமுத்து. எல்லோருக்கும் மிஸ்டர் முத்து. சின்னத்தின் பட்டையில் இருக்கும் வாசகம் 'பெர்செக்குத்து பெர்தம்பா முத்து'. ஒன்றுபட்டால் தரம் உயரும் என்று பொருள். மலாயில் முத்து என்றால் தரம். நாட்டுச் சின்னத்திலேயே சாரின் பெயரைப் போட்டுவிட்டார்கள் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. ஆனால் அவர் எதற்கும் சிரிக்கிற ஆள் இல்லை, கத்துகிற ஆளும் இல்லை. வேலை சரியாக இருந்தால் "ம்" என்பார். தப்பாக இருந்தாலும் அதே "ம்"தான், கொஞ்சம் நீளமாக. பத்து மணிக்கு வரும் பால் போடாத கோப்பி ஓவைப் பதினொன்றரைக்கு ஆறின பிறகுதான் குடிப்பார். அவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் ஒரு தாளைப் பார்த்துவிட்டார் என்றால் அதில் மறுபேச்சு இல்லை என்று நான் நம்பினேன்.

சாப்புக்கு என்று அவர் ஒரு முறை வைத்திருந்தார். இரும்பு அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். இரண்டு பேரும் இருந்தால்தான் திறக்கலாம். சாப்பு என்பது கைப்பிடி வைத்த ஓர் அழுத்தும் கருவி. உள்ளே இரண்டு உலோகத் தகடுகள். நடுவில் தாளை வைத்துக் கைப்பிடியை அமுக்கினால் மையில்லாமலே தாளில் சின்னம் புடைத்துக்கொண்டு நிற்கும். தினமும் காலையில் முதல் வேலையாக ஒரு வெள்ளைத் தாளில் குத்த வேண்டும். பென்சிலைச் சாய்த்துப் பிடித்து அதன் மேல் லேசாகத் தேய்த்தால் எல்லாக் கோடும் துலங்கிவிடும். அதைச் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய சின்னத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, ஏழு இடத்தில் 'சரி' போட்டு, தேதி எழுதி, சுருக்கொப்பம் வைத்து அவரிடம் கொடுக்க வேண்டும். அவர் பார்த்து அடியில் ஒப்பம் வைத்துக் கோப்பில் போடுவார். இதற்குக் காலைத் தாள் என்று பெயர்.

அந்த ஏழும் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். உச்சியில் பிறை, நட்சத்திரத்துக்குப் பதினான்கு முனை. கேடயத்தின் மேல் பட்டையில் ஐந்து கிரிஸ் கத்திகள். ஜொகூர், கெடா, கிளந்தான், திரெங்கானு, பெர்லிஸ் என்று மாநிலத்துக்கு ஒன்று. நடுவில் நான்கு கட்டங்கள். பேராக், சிலாங்கூர், பகாங், நெகிரி செம்பிலான் நான்கும் தங்கள் நிறங்களைச் சேர்த்துப் போட்டுக்கொண்டவை. அவற்றுக்கு இடப்பக்கம் நம் பினாங்கின் பாக்கு மரம். வலப்பக்கம் மலாக்கா மரம்; பெயர்தான் அப்படி, நம் ஊர் நெல்லிதான் அது. கீழே சபாவுக்கும் சரவாக்குக்கும் நடுவில் செம்பருத்திப் பூ. கடைசியாக இரண்டு புலியும் பட்டையும்.

மிஸ்டர் முத்து மெர்டேக்காவுக்கு, நாட்டுச் சுதந்திரத்துக்கு, முன்பே பியூனாகச் சேர்ந்தவர். பழைய காலைத் தாள்களை வருடவாரியாகக் கட்டி வைத்திருந்தார். ஒருநாள் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது பார்த்தேன். பட்டையில் ஆங்கில வாசகம் இருந்த காலத்துத் தாள் இருந்தது. அப்போது நட்சத்திரத்துக்குப் பதினோரு முனைதான். பிறகு மலேசியா ஆனதும் முனை பதினான்கு ஆனது. கீழ்க் கட்டத்தில் நடுவில், இப்போது செம்பருத்தி இருக்கும் இடத்தில், சிங்கப்பூர் இருந்தது. சிங்கப்பூர் பிரிந்து போன பிறகு அந்த இடத்தில் பூவை வைத்தார்கள். ஆனால் பதினான்காவது முனையை எடுக்கவில்லை. அது மத்திய அரசாங்கத்தைக் குறிக்கும் என்று சொல்லிவிட்டார்கள். வெளியே போனவரின் நாற்காலியை எடுக்காமல் வேறு ஆளை உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான் என்று அவர் சொன்னார். அந்த மனிதர் என்னிடம் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான் என்று நினைக்கிறேன்.

சாப்பை என் கையில் கொடுத்த அன்று அவர் சொன்னது ஒன்றே ஒன்று.

"இரும்பைப் பாக்காதே தனம். இரும்பு நம்ம மேசையிலதான் இருக்கும். வெளிய போறது தாளு. தாளைப் பாரு."

காரணம் அப்போதே புரிந்தது. தாளில் நேராக விழ வேண்டுமானால் தகட்டில் எல்லாம் இடம் வலமாகத் திருப்பி வெட்டியிருக்க வேண்டும். கண்ணாடியில் முகம் பார்க்கிற மாதிரி. அதனால் தகட்டைப் பார்த்துச் சரி தப்பு சொல்லக் கூடாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்குகிற விஷயம் இது. நான் அதில்தான் விழுந்தேன்.

பினாங்குப் பாலம் திறந்து சில வருடம் ஆகியிருந்தது. சின்னத்தில் சில திருத்தங்கள் வந்தன. சபாவின் பகுதி மாறியது. நம் பாக்கு மரத்தோடு பாலமும் சேர்ந்துகொண்டது என்று கேட்டதும் எங்கள் அலுவலகமே ஒரு வாரம் அதைப் பற்றித்தான் பேசியது. பாலம் கட்டும்போது அதில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் எங்களோடு வேலை பார்த்தார்கள். நானே திறந்த மாதம் அப்பாவோடு பேருந்தில் போய்த் திரும்பி வந்தவள். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்த மாதிரி நாட்டின் கேடயத்தில் நம் பாலம்! புதுச் சாப்பு எப்போது வரும் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அது பதிவுத் தபாலில் வந்த காலையில் கவுண்டரில் பள்ளிச் சேர்க்கைக் கூட்டம். பார்சலைப் பிரித்த கையோடு உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு தகட்டைத்தான் பார்த்தேன். பாலம் எங்கே என்று தேடினேன். இதோ, இடப்பக்கம் பாக்கு மரம், அடியில் மயிரிழை மாதிரி பாலம். சுவரைப் பார்த்தேன், அங்கேயும் இடப்பக்கம். அப்படியே இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்து மேசை ஃபரிடாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். பிறகு தாளில் ஒரு தடவை குத்தி, சுற்றி இருக்கும் எழுத்துகள் நேராக விழுகின்றனவா என்று மட்டும் பார்த்தேன். விழுந்தன. ஏழு 'சரி' போட்டேன்.

எழுத்தை இடம் வலமாகத் திருப்பி வெட்டியவர்கள் கேடயத்தை மட்டும் நேராக வெட்டிவிட்டார்கள். எங்கே, யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது என் வழக்கும் இல்லை. தகட்டில் இடப்பக்கம் இருந்த பாக்கு மரம் தாளில் வலப்பக்கம் விழுந்தது. நெல்லி நம் இடத்துக்கு வந்தது. சபாவும் சரவாக்கும் இடம் மாறின. புலிகள் இரண்டும் ஒரே மாதிரி என்பதால் பார்த்தவுடன் ஒன்றும் தெரியாது. மிஸ்டர் முத்து தாளை வாங்கினார், "ம்" என்றார், ஒப்பம் வைத்தார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். நான் பார்த்திருப்பேன் என்று அவர் நினைத்தார். அவர் பார்த்துவிட்டார் என்று நான் நினைத்தேன்.

அந்த நாட்களில் ஒருநாள் அம்மாக்கண்ணு வந்தார். அக்கரையில், அதுவும் பினாங்கு மாநிலம்தான், சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை. பேருந்து பிடித்து, ஃபெரி ஏறி, வழி கேட்டுக் கேட்டு நடந்து வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். மகள் பவானி தாதியர் பயிற்சிக்கு மனுப் போட்டிருக்கிறாள், நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள், பிறப்புச் சான்றின் நகல் வேண்டும் என்றார். ஏஜெண்டிடம் கொடுத்தால் அலையாமல் வாங்கிக் கொடுப்பான் என்று தோட்டத்தில் எல்லோரும் சொன்னார்களாம். மகள் விஷயம், தானே கவுண்டரில் நின்று வாங்கிவிட வேண்டும் என்று வந்துவிட்டாராம்.

பதிவு ஒரே தேடலில் கிடைத்தது. அடித்து, சரிபார்த்து, சாப்பைக் குத்திக் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. தாளை வாங்கியதும் புடைத்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கூட்டம் குறைந்திருந்த நேரம், எனக்கும் புதுச் சாப்பின் பெருமை. புலி, கத்தி, நட்சத்திரம் என்று எல்லாம் சொன்னேன். "எங்க ஊரு இதுல எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். அவர் விரலைப் பிடித்து இடப்பக்கம் வைத்தேன். இதுதான் பாக்கு மரம், நம் ஊர் என்றேன். அவர் அதைத் தடவிப் பார்த்து, தெரியுது தெரியுது என்று சிரித்தார். அவர் விரல் இருந்தது நெல்லி மரத்தின் மேல். நான் தாளைப் பார்க்கவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் மகளோடு திரும்பி வந்தார்.

பவானிக்குப் பதினெட்டு வயது. வெள்ளைச் சட்டை, இறுக்கிப் பின்னிய சடை, நேர்முகத் தேர்வுக்குப் போட்ட அதே உடுப்பாக இருக்க வேண்டும். அவள் நீட்டிய தாளில் சின்னத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. தேர்வுக் குழுவில் இருந்த ஓர் அதிகாரி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். மரங்கள் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன, இது கள்ளச் சாப்பு என்றாராம். அவள் அழுததைப் பார்த்து, கொடுத்த அலுவலகத்திலிருந்தே உண்மையானதுதான் என்று ஒரு கடிதம் வாங்கி ஒரு வாரத்துக்குள் கொண்டு வந்தால் இடத்தை வைத்திருப்போம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இல்லையென்றால் அவளுக்கு அரசாங்கப் பயிற்சி எதுவும் கிடைக்காது.

நான் தாளைப் பார்த்தேன். அப்போதுதான், முதல் தடவையாக, தாளைப் பார்த்தேன்.

மிஸ்டர் முத்துவின் அறைக்குப் போனேன். அவர் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தார். கோப்பைத் திறந்தார். புதுச் சாப்பு வந்த நாளிலிருந்து இருந்த காலைத் தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினார். பத்தொன்பது தாள். எல்லாவற்றிலும் என் ஏழு 'சரி'. எல்லாவற்றிலும் அவர் ஒப்பம்.

"டிக் போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"கீழ?"

கீழே இருந்தது அவருடைய ஒப்பம். அவர் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. பிறகு அவர் பேசியதெல்லாம் என்றைக்கும் போல அமைதியான குரலில்தான். கடிதம் கொடுத்தால் நம் சாப்பு தப்பு என்று நாமே எழுதிக் கொடுத்ததாகும். வெளியே போன அத்தனை நகலையும் திரும்ப அழைக்க வேண்டும். விசாரணை வரும், இரண்டு பேர் பெயரும் போகும். அதனால் பழைய சாப்பை இன்றே வெளியே எடு. வருடக் கடைசி வரை அது செல்லும். அதில் அந்தப் பெண்ணுக்குப் புது நகல் ஒன்று குத்திக் கொடு. திரும்பி வருகிறவர்களுக்கும் அப்படியே மாற்றிக் கொடு. புதுச் சாப்பு பழுது என்று திருப்பி அனுப்பிவிடலாம். கடிதம் மட்டும் வேண்டாம்.

இப்போது எழுதும்போது அவரைப் பற்றி நாலு வார்த்தை கோபமாக எழுதலாம் என்று கை வருகிறது. எழுத மாட்டேன். ஏனென்றால் அவர் 'கடிதம் வேண்டாம்' என்று சொன்னதும் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அந்த ஆறுதலை நான் மறக்கவில்லை. எனக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள், வேலை நிரந்தரம் ஆகியிருந்தது, கண் கூர்மையானவள் என்று பெயர் வேறு. எல்லாம் தப்பித்தது என்றுதான் தோன்றியது.

பழைய சாப்பை எடுத்துப் புது நகல் குத்தினேன். கைப்பிடியை அமுக்கும்போதுதான் விளங்கியது. இந்தத் தாள் சரியாக இருக்கும். சரியாக இருப்பதனாலேயே பழையது பொய் என்று ஆகிவிடும். அந்த அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தப் பெண் முதலில் கள்ளத்தைக் கொண்டு வந்து மாட்டிக்கொண்டு, பிறகு அலுவலகத்துக்குப் போய் நல்லதை வாங்கி வந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார். இது தெரிந்தும் குத்தினேன். தெரிந்தும் கவுண்டருக்குக் கொண்டு போனேன்.

பவானி இரண்டு தாளையும் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண், அவளுக்கும் அதே நொடியில் விளங்கிவிட்டது. ஆனால் அவள் திரும்பியது என் பக்கம் இல்லை, அம்மா பக்கம்.

"இது நல்லா இருக்கு. அப்ப அது எங்க வாங்குனது? ஏஜெண்ட்கிட்ட போகலன்னு சொன்னியே!"

அம்மாக்கண்ணு பதறிப்போய்க் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். "நீங்களே சொல்லுங்கம்மா. உங்க கையாலதானே வாங்கினேன்? வெரலைப் புடிச்சுக் காட்டுனீங்களே. இவ நம்ப மாட்றா, சொல்லுங்கம்மா."

எனக்குப் பின்னால் மிஸ்டர் முத்துவின் அறைக் கதவு திறந்திருந்தது. வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள்.

"தினம் நூறு பேர் வர்றாங்கம்மா. எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன்.

அவ்வளவுதான். நான் செய்தது அவ்வளவுதான். அம்மாக்கண்ணு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஆமாம்மா, உங்களுக்கு எத்தனையோ பேரு" என்று சொல்லிவிட்டு மகளின் பின்னால் போனார். மகள் அவருக்காக நிற்கவில்லை.

மிஸ்டர் முத்துவுக்குப் பிரிவுபசாரம் நடந்தது. மாலை போட்டார்கள், மீ கோரெங் சாப்பிட்டோம், அவருடைய காலத்தில் ஒரு சாப்பும் தவறாகப் போனதில்லை என்று மேலதிகாரி பேசினார். அவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். போகும்போது என் மேசைக்கு வந்து நின்றார். அந்தப் பெண் மறுபடி வந்ததா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். "ம்" என்றார். அந்தப் பத்தொன்பது தாளையும் அவர் கிழித்துப் போட்டிருப்பார் என்று நினைத்திருந்தேன். கோப்பில் அப்படியே இருந்தன, தேதி வரிசையில். நான்கு வருடம் கழித்து அவர் இறந்தபோது சாவு வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவியிடம் அவரைப் போல ஒழுங்கான மனிதரைப் பார்த்ததில்லை என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு நான் ஒருநாளும் தாளைப் பார்க்காமல் விட்டதில்லை. என் கீழ் வேலை செய்தவர்கள் என்னைக் கண்டால் நடுங்குவார்கள். உண்மையான கள்ள முத்திரை இரண்டை நானே கண்டுபிடித்தேன்; அதற்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள், அதில் இருந்த சின்னத்தையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பவானியைப் பற்றி எனக்குத் தெரியவந்தது ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம். என் அண்ணன் மகள் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்தாள். தீபாவளிக்கு வந்தவள் தன் லைன் லீடரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். பவானி அக்கா மாதிரி கெட்டிக்காரி கிடையாது, நர்ஸாகப் போயிருக்க வேண்டியவர், அவருடைய அம்மா யாரோ ஏஜெண்டிடம் கள்ளச் சாப்பு வாங்கிக் கொடுத்துக் கெடுத்துவிட்டார், அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மனது ஆறவில்லை என்றாள். எந்த ஊர் என்று கேட்டேன். முதலில் சுங்கை பாக்காப், இப்போது பாகான் டாலாம், அம்மாவும் அவரோடுதான் இருக்கிறார் என்றாள். நான் எழுந்து போய் முறுக்குத் தட்டை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

வேலையில் இருக்கும்போது போனால் வில்லங்கம், ஓய்வு பெற்றதும் போகலாம் என்று இருந்தேன். ஓய்வு பெற்றதும் கண்ணில் புரை எடுத்தார்கள். பிறகு நோய்த்தொற்றுக் காலம், யாரும் எங்கும் போகவில்லை. பிறகு பேத்தி பிறந்தாள். சாக்குக்கு எனக்குப் பஞ்சமே வந்ததில்லை.

ஷர்மிளா கூப்பிட்டு இரும்புச் சாப்பு போய்விட்டது என்று சொன்ன அன்று, இனி அந்த அறையில் அதைப் பற்றிக் கேட்கவும் ஆள் இருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. அன்றே உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். மலாயில், முறைப்படி, தேதியோடு. இன்ன நாளில் இன்னாருக்குக் கொடுத்த நகல் எங்கள் அலுவலகத்தில் கொடுத்ததே, முத்திரைத் தகட்டில் கேடயம் இடம் மாறி வெட்டப்பட்டிருந்தது, சரிபார்த்தவள் நான், தாயார் திருமதி அம்மாக்கண்ணு கவுண்டரில் நேரில் வந்து பெற்றுக்கொண்டார். எட்டு வரி. மிஸ்டர் முத்துவின் பெயரை எழுதவில்லை. அண்ணன் மகளிடம் முகவரி வாங்கிக்கொண்டு மறுநாள் ஃபெரி ஏறினேன்.

அடுக்குமாடி, மூன்றாவது மாடி. பவானி கதவைத் திறந்தார். தலை பாதி நரைத்திருந்தது; நிற்கிற விதத்தில் அடையாளம் தெரிந்தது. நான் யார் என்று சொன்னதும் உட்காரச் சொன்னார். மைலோ கலக்கிக் கொண்டு வந்தார். நான் கடிதத்தைக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டு ஒரு முறை படித்தார். மறுபடியும் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"அன்னிக்கு எங்கம்மாவை உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"நல்லா?"

"நல்லா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அழுவார், அல்லது வெளியே போகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் ஒன்றும் செய்யவில்லை. தாதியர் பயிற்சியைப் பற்றியும் கேட்கவில்லை. கடிதத்தைப் பார்த்துக்கொண்டே, ரொம்ப மெதுவாக, யாரிடமோ கணக்குச் சொல்கிற மாதிரிப் பேசினார்.

"ஆஸ்பத்திரிலகூடச் சொன்னாங்க. ஏஜெண்ட்கிட்ட போகலடி, அந்தக் கிராணியம்மா வெரலைப் புடிச்சுக் காட்டுனாங்கடின்னு. பேசாம படும்மான்னு அதட்டிட்டேன். நாலு மாசம் ஆச்சுக்கா, அம்மா போயி."

மன்னிப்பு என்ற வார்த்தையை வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனவள், அங்கே அதை வாயில் எடுக்கக் கூசினேன். மைலோவைக் குடித்து முடித்தேன். அவர் கீழே வரை வந்து, பேருந்து எங்கே நிற்கும் என்று காட்டினார்.

நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. அந்த ஆறு வருடமும், கடைசி நாலு மாதம் போக, அம்மாக்கண்ணு அந்த மூன்றாவது மாடியில்தான் இருந்திருக்கிறார். என் வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேர எனக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.